வலது குதிகால்

ஆனந்தமேரி காலிச் சீசாவை நீட்டியதும் கிதர் முகம்மதுவுக்கு முகம் மலர்ந்தது. பேகம்பூர் ரோட்டோரத்தில் வலித் தைலக் கடை விரித்து இருபது வருஷமாகிறது. இரண்டாவது சீசா கேட்டு வருகிறவர்கள் குறைவுதான்.

“வீட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு?”

“தேச்சுவிட்டா செத்த நேரத்துல தூங்கிடுறாருண்ணே. ஒரு மாசமா, வலது குதிகாலு குத்துது, வெரலு முறுக்குதுன்னு கண்ணே மூடாத மனுசன்.”

முழங்கையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்ற பூக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். கிதர் குரலை உயர்த்தினார்.

“எல்லாம் சிறுமலை அடிவாரத்து நொச்சியும் முடக்கத்தானும்மா. நானே பறிச்சு நானே காச்சுறேன். வலி ஓடாம என்ன செய்யும்?”

“அவரு தம்பிதான் நம்ப மாட்டேங்குறாரு. அங்க வலிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு சிரிக்கிறாரு.”

“சிரிக்கிறவருக்கு என்ன தெரியும்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இம்புட்டு வருசமா மூட்டை தூக்குன ஆளு. வலிக்கத்தான் செய்யும்.”

அவள் கண் கலங்கியது. ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டு நாளாகியிருக்கும் என்று கிதர் நினைத்துக்கொண்டார்.

“எப்படித் தேச்சீங்க?” என்றார் பூக்காரர்.

“அண்ணன் சொன்ன மாதிரிதான். வெதுவெதுன்னு கையில எடுத்து, குதிகால்ல ஆரம்பிச்சு மேல வரைக்கும். அவரு கண்ண மூடிக்கிட்டு, ‘இன்னுங்கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்’னு சொல்லுவாரு. தூங்குற வரைக்கும் தேச்சுக்கிட்டே இருப்பேன்.”

பூக்காரர் உடனே ஒரு சீசா வாங்கிக்கொண்டு போனார்.

கிதருக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. போன வாரமும் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் தைலம் கொடுத்திருந்தார், ஆளைப் பார்த்ததில்லை. இந்தச் சீசாவுக்குக் காசு வேண்டாம் என்று அவள் கையை விலக்கினார்.

“அடுத்த வாரம் அவரையே ஆட்டோவுல கூட்டிட்டு வாம்மா. நானே ஒருதடவை உருவி விடுறேன். ஒரேயடியா சரியாப்போகும்.”

ஆனந்தமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

“லாரி கால்மேல ஏறுன அன்னைக்கே அந்தக் கால முட்டியோட எடுத்துட்டாங்கண்ணே. நான் வெறும் பாயத்தான் தேச்சுக்கிட்டிருக்கேன்.”