ஆட்டுக்கு வந்த கப்பல் பில்

உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருந்த வெள்ளாடு, பில்லைக் கவ்விக்கொண்டு சண்டைக்கு வந்தது. பத்துக் கட்டுப் புல் என்று பேசியது, பதினாறு ஆகியிருந்தது. புரியாத காகிதங்களைத் தின்றுவிடுவது ஆட்டின் வழக்கம். சண்டை முடிந்ததும் இதையும் தின்றுவிடலாம் என்றிருந்தது.

"இதென்னய்யா துறைமுகக் கட்டணம்?"

"கரையில கப்பலைக் கட்டிப்போடுற நண்டுகளுக்குங்க," என்றது கவுண்டரில் இருந்த நாரை.

"வழிகாட்டிக் கட்டணம்?"

"பாறையில மோதாம இருக்க, ஆமை முன்னால நீந்திப் போகும்."

"விளக்குக் கட்டணமாம்! நான் கேட்டேனா விளக்கு?"

"நீங்க தூங்கிடுவீங்க. மின்மினிங்க விடியிற வரைக்கும் கப்பல் முனையில முழிச்சிருக்கும்."

ஆட்டின் குரல் இறங்கியது. "எனக்காகவா இத்தனை பேர்?" பில்லை மறுபடி மேலிருந்து கீழே படித்தது.

"கடலுக்கு எவ்வளவுன்னு போடலையே?"

நாரை எழுதுவதை நிறுத்தியது. "அது இதுவரைக்கும் எதுவும் கேக்கலைங்க."

ஆடு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. கண்ணுக்கு எட்டிய வரை நீலம், அதற்கப்பாலும் நீலம். பதினாறு கட்டுப் புல்லையும் இறக்கி வைத்தது.

அந்தக் காகிதத்தைத் தின்ன மட்டும் அதற்கு மனம் வரவில்லை.