நிக்கல் மேல் படிந்த கரி

உலைக்குழாய் ஒன்றில் நிக்கல் தூளும் பிளாட்டினத் தூளும் குடியிருந்தன. உள்ளே வரும் கிளிசரினையும் நீராவியையும் சேர்த்து எரிவாயுவாக மாற்றுவதுதான் இரண்டுக்கும் பிழைப்பு.

நிக்கலுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அது சாக்குமூட்டையில் வந்தது. பிளாட்டினமோ பஞ்சு சுற்றிய கண்ணாடிக் குப்பியில் வந்தது. 'இருக்கிறது ஒரு சிட்டிகை, அதுக்கு இவ்வளவு மரியாதையா!'

அன்று வந்த கிளிசரினையெல்லாம் நிக்கலே வாரிச் சுருட்டிக்கொண்டது.

"நீராவியையும் சேர்த்துக்கோ அண்ணே, இல்லாட்டி கரி பிடிச்சுக்கும்" என்றது பிளாட்டினம்.

"அதை நீயே வச்சுக்கோ. உன் யோசனை யாருக்கு வேணும்?"

சாயங்காலத்துக்குள் நிக்கல் கரிக்கட்டையாகிவிட்டது. கண் தெரியவில்லை, மூச்சு முட்டியது.

"ஐயோ, என்ன அண்ணே இது!" என்று பதறியது பிளாட்டினம்.

நிக்கல் முனகியது: "அது கிடக்கட்டும். உன்மேல கொஞ்சமாவது ஒட்டியிருக்கா?"