ரோஜாவுக்கு ஏற்ற மாவு

"கேக் மேல வைக்கிற ரோஜாவுக்கு அந்த மெத்துனு இருக்கிற சர்க்கரை மாவுதான் சரி," என்று அடித்துச் சொன்னார் மாமனார்.

"அதுல இதழ் தொங்கிடுது மாமா. கோந்து கலந்த கம் பேஸ்ட் மாவுன்னா காஞ்சு விறைப்பா நிக்கும்," என்றாள் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் மருமகள்.

"வாயில போட்டா கரைய வேண்டாமா? சாப்பிடுறவங்களை நினைச்சுப் பாரும்மா."

ஊரார் வாய்க்காக அவர் எவ்வளவோ உருகியும் மருமகள் மசியவில்லை. கம் பேஸ்ட்டிலேயே ரோஜாக்களைச் செய்து தட்டில் காயவைத்தாள்.

மறுநாள் காலை மாமனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பல்லு ஆடுதும்மா."

மருமகள் தட்டைப் பார்த்தாள். ஒரு ரோஜாவில் கடித்த தடம் இருந்தது.

"இதுக்குத்தான் மாவை மாத்தினேன். கிளம்புங்க மாமா, பல் டாக்டரைப் பார்ப்போம். அப்படியே, மாத்திரை போட்டும் உங்க சுகர் ஏன் இறங்கலைன்னு பெரிய டாக்டர்கிட்டயும் சொல்லிட்டு வந்துடுவோம்."