ஏகாம்பரத்தின் காலை ஊர்வலம்

உடம்புக்குப் பிடித்த பயிற்சியைச் செய்தால், இப்போது எல்லாரும் கட்டிக்கொள்ளும் மின்னணுக் கைப்பட்டை பச்சையாகும், பிடிக்காவிட்டால் சிவப்பு. ஆடிட்டர் கோதண்டபாணிக்கு நீச்சல் சிவப்பு, யோகா சிவப்பு, பூப்பந்து ரத்தச் சிவப்பு. ஒருநாள் சாவு ஊர்வலம் ஒன்று அவர் காரை மறித்தது. தப்பட்டைச் சத்தத்துக்குக் கால் தானாகத் துள்ள, பட்டை பளிச்சென்று பச்சையானது!

“அப்ப தினமும் அரை மணி நேரம் அதையே ஆடுங்க,” என்றார் டாக்டர்.

“தினமும் பொணத்துக்கு எங்க போறது?” என்று மனைவி வத்சலா தலையில் அடித்துக்கொண்டாள்.

“நான் படுத்துக்கறேனே சார்,” என்றார் மாடிவீட்டு ஏகாம்பரம். காலமெல்லாம் நடந்தே தபால் கொடுத்து ஓய்வுபெற்றவர். படுத்திருப்பது ஒன்றுதான் அவருக்குப் பச்சை. “முடிஞ்சதும் ஒரு காபி மட்டும் குடுத்துடுங்க.”

மறுநாள் காலையிலேயே அடுக்குமாடி வளாகம் களைகட்டியது. பளு தூக்கப் பிடித்த நால்வர் பாடையைத் தூக்கினார்கள். தோள்வலிக்காரர்கள் பூ வீசினார்கள். வத்சலா மூச்சுப்பயிற்சிக்கு ஒப்பாரி வைத்தாள். எல்லார் கையிலும் பச்சை! முன்னால் கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விசிலடித்துக் குத்தாட்டம் போட்டார்.

“அழுகை பத்தலைம்மா!” என்று பாடையிலிருந்து தினமும் குரல் வரும்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. ஊர்வலம் முடிந்து, காபியும் வந்து ஆறிப்போனது. ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை சுடுகாடு வரைக்கும் கோதண்டபாணி ஆடிக்கொண்டே போனார். அப்படியொரு ஆட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. கைப்பட்டைதான் கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.