குடத்தின் கையெழுத்து

“எங்க வீட்டுத் தண்ணிக் குடம் எழுதும், டாக்டரம்மா.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் அவர்.

டாக்டரின் பேனா நின்றது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மனைவி மரகதம் மின்விசிறியைப் பார்த்தாள்.

எட்டு மாத வயிற்றோடு இருந்த மகள் கவின்மலர் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்பா, இங்கயுமா?”

அவர் பேச்சுக்கு வீட்டில் அவ்வளவுதான் மதிப்பு. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே ஓர் எலி நாலு மூட்டை வெல்லத்தைத் தின்றுவிட்டு ரசீதில் கையெழுத்தும் போட்டது என்று சம்பந்தி வீட்டாரிடமே சத்தியம் செய்தவர்.

இன்று குடம்.

பித்தளைக் குடம். பிளாஸ்டிக் கேனில் விஷம் என்று செல்போனில் யாரோ சொல்ல, பிரசவத்துக்கு வரும் மகளுக்காக மரகதம் தேடி வாங்கியது. உள்ளே புதிதாக ஈயம் பூச வைத்ததும் அவள்தான்.

வளைகாப்பு முடிந்து மகள் வந்து நாற்பது நாள்.

நாற்பது நாளும் அந்தத் தண்ணீர்தான்.

கவின்மலருக்கு வயிறு சுருட்டிப் பிடித்தது. சாப்பாடு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்றாள் மரகதம்.

அவருக்கு ஒப்பவில்லை. மாத்திரையைச் சந்தேகப்பட்டார். பால்காரரைச் சந்தேகப்பட்டார். முந்தாநாள் குடத்தைக் கவிழ்த்து முகர்ந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். அடியில் உறைந்து நின்ற ஈயச் சொட்டு ஒன்றைப் பெயர்த்துத் தாளில் இழுத்தார்.

கருங்கோடு.

வேகன் கதவுகளுக்குக் காரீய முத்திரை குத்திய கை அது. உதிர்ந்த முத்திரைகளால் அவர் கிறுக்கிய தாள்களை மட்டும் ஏற்ற மூன்று வேகன் வேண்டும் என்பார். பாத்திரத்துக்குப் பூசும் நல்ல வெள்ளீயம் கோடு விடாது. காரீயம் பென்சில் மாதிரி எழுதும்.

அந்த விஷம் தண்ணீரிலும் இறங்கும். தண்ணீரிலிருந்து தாய்க்கு. தாயிடமிருந்து…

அதற்கு மேல் யோசிக்க அவருக்குப் பயம். சமையலறைக்கு ஓடினார்.

“குடம் எழுதுதுடி! விட்டா ரயில்வே மந்திரிக்கே லெட்டர் போடும்!”

மரகதம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்க எலி சொல்லிக் குடுத்துச்சாக்கும்.”

தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

இப்போது டாக்டரும் சிரித்துக்கொண்டே சீட்டை எழுதத் தொடங்கினார். அதே இரும்புச் சத்து மாத்திரை.

“ரத்தத்துல காரீயம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க, டாக்டரம்மா.”

இந்த முறை எலி இல்லை. வேகன் இல்லை. குரலும் அவருடையதாக இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார். மரகதத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நீங்க பாத்தீங்களா?”

மரகதம் கைப்பையைத் திறந்தாள்.

நாலாக மடித்த நாட்காட்டித் தாள். மேசைமேல் விரித்தாள்.

அவர் எட்டிப் பார்த்தார். அவர் இழுத்தது ஒரே ஒரு கோடு.

இதில் தாள் முழுக்கக் கோடுகள். ஒன்றன்கீழ் ஒன்றாக. நம்பாத கை திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தவை. கடைசிச் சில கோடுகளில் தாள் கிழிந்திருந்தது.

கவின்மலரின் கை வயிற்றுக்குப் போனது.

மரகதம் யாரையும் பார்க்கவில்லை.

“எழுதுது, டாக்டர்.”