நீலம் கலையும் வரை

சோதனைக்குழாயை உதட்டருகே பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

வரவில்லை.

எதிரே ஏழாம் வகுப்புப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் ஆய்வகச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரைப் பார்க்கக் கூடாது என்று தங்களுக்குள் பேசிவைத்திருக்க வேண்டும். இத்தனை மரியாதை அந்தப் பல்லிக்கு என்றைக்கும் கிடைத்திருக்காது.

பதினெட்டு வருடமாக நொதிப் பாடத்தில் முதல் எச்சில் அவளுடையதுதான். டீச்சரே துப்பிவிட்டால் பிள்ளைகளுக்குக் கூச்சம் விட்டுப்போகும். இந்த வருடமும் அந்த வழக்கத்தை விடுவதில்லை என்று காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்திருந்தாள்.

முடிவு செய்தால் போதுமா? வாய் ஒத்துழைக்க வேண்டுமே.

தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்துப் பத்து மாதம். கட்டி போனது. கூடவே உமிழ்நீரும் போனது. அன்றிலிருந்து தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவள் எங்கும் போனதில்லை. இரண்டு வாக்கியம், ஒரு மடக்கு. அப்படித்தான் பாடம் நடக்கிறது.

ஊறினாலும் ஊறும், பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தப் ‘பார்ப்போம்’ அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

கண்ணை மூடி மாங்காயை நினைத்தாள். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்.

ஒரு சொட்டு.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு. பிசுபிசுப்பாக, நுரையாக.

அவசரமாக அதில் வடிகஞ்சியை ஊற்றிக் கலக்கினாள். தாங்கியில் நான்கு குழாய்கள் வரிசையாக நின்றன. முதலாவதில் வெறும் கஞ்சி. இரண்டாவதில் கஞ்சியும் முன்பெஞ்சு நிலோஃபரின் எச்சிலும். மூன்றாவதில் கஞ்சியோடு, கொதிக்க வைத்து ஆறவைத்த எச்சில். நான்காவது அவளுடையது.

இனி நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து வெள்ளை டைல்ஸில் விட்டு, அதன்மேல் அயோடின் வைக்க வேண்டும். மாவுச்சத்து இருந்தால் கருநீலம். எச்சிலில் உள்ள நொதி அதை உடைத்துச் சர்க்கரையாக்கிவிட்டால் நீலம் வராது, அயோடினின் பழுப்பு மட்டும்தான்.

“கொதிக்க வச்ச எச்சில்ல நொதி இருக்கும். ஆனா வெந்து போயிருக்கும். ஒருதரம் வெந்துட்டா...”

வருடா வருடம் சொல்கிற வரிதான். இன்று அதற்குமேல் வரவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள். ஆறவைத்தாலும் அது திரும்பி வராது என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

மூன்றாவது நிமிடம் நிலோஃபருடையது பழுப்பு.

வெறும் கஞ்சி நீலம். வெந்தது நீலம்.

அவளுடையதும் நீலம்.

ஆறு. நீலம். எட்டு. நீலம். இப்போது பல்லியை யாரும் பார்க்கவில்லை.

பத்து. நீலம்.

பன்னிரண்டாவது நிமிடம் அயோடின் சொட்டு அப்படியே நின்றது. பழுப்பாக.

பெண்கள் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

கரும்பலகையில் எழுதியபோது முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. தாங்கி பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தது. டீச்சருக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று தர்காவிலும் மாரியம்மன் கோயிலிலும் சேர்ந்தே வேண்டிக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். ஒரு துளி எச்சில் இவர்களுக்குப் பெரிய விஷயமா?

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

நிலோஃபர் எழுந்தாள். “சத்தியமா நாங்க துப்பல டீச்சர்.”

கடைசி பெஞ்சிலிருந்து தயங்கித் தயங்கி இன்னொரு குரல் வந்தது. “துப்பிரலாமான்னு யோசிச்சோம். நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு விட்டுட்டோம்.”

அவள் புதுக் குழாய் ஒன்றை எடுத்தாள்.

மறுபடி மாங்காய். இந்தத் தடவை மாங்காய் கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்தது. கஞ்சியை ஊற்றினாள். குழாயைத் தாங்கியில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இறுகப் பொத்திக்கொண்டாள். சொட்டு எடுக்கும்போது மட்டும் திறந்தாள்.

இடைவேளை மணி அடித்தது. ஒருத்தியும் நகரவில்லை.

நீலம். நீலம். நீலம்.

பதினோராவது நிமிடம், பழுப்பு.

கையைத் திறந்து பார்த்தாள். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வேறு யாரும் தொடவில்லை. அவள் எச்சில், அவள் கை, அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பழுப்புச் சொட்டின்மேல் இன்னொரு சொட்டு அயோடினை விட்டாள். அதுவும் பழுப்பாகவே நின்றது. அவள் சத்தமாகச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது. அதற்கு இந்தப் பத்து மாதத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

அடுத்த பாடவேளை பத்தாம் வகுப்பு. தாமதமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். பலகையில் இதயத்தை வரைந்தாள். ஏட்ரியம், வென்ட்ரிக்கிள், வால்வு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். யாரோ கேள்வி கேட்டார்கள், முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள். அசல் இதயத்தைவிட அவளுடைய இதயம் கொஞ்சம் குண்டாக இருந்தது. இரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் தெரிந்தது.

நிலோஃபர். இரண்டு கையாலும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், லேப்லயே விட்டுட்டு வந்துட்டீங்க.”

தண்ணீர் பாட்டில்.

அவள் அதை வாங்கினாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

திறக்காமலே மேசைமேல் வைத்துவிட்டு, பாடம் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்று முன்பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டாள்.