முதுகில் ஒரு சிங்கம்

மகளின் முதுகிலிருந்த சிவந்த படையை வேலம்மாள் அரியமங்கலத்துக் குயவர் பெரியண்ணனிடம் காட்டினாள்.

"அக்கிதானே அண்ணே? வெள்ளைக்கார டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க. அங்கே போனாலே குஷ்டம்னு ஊர் முடிவு கட்டிடும். தையில கல்யாணம்."

"அக்கிதான். அது மேல காவியில சிங்கம் எழுதினா ஓடிடும்."

அந்த ஒரு சொல் போதும் அவளுக்கு. நெஞ்சுக்குள் பல நாளாகக் கிடந்த கல் இறங்கியது.

"காவி பட்டா சில்லுனு இருக்கும். நெளியாம உக்காரு தாயி."

மகள் மருதாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கோழியிறகு ஈரக் காவியைத் தொட்டுத் தொட்டு, படையின் மேல் பிடரி, வால், நகம் என்று வரைந்து முடித்தது.

"இப்படி அசையாத பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

வேலம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மருதாயி திரும்பாமலே கேட்டாள்: "எப்பங்க எழுத ஆரம்பிப்பீங்க?"